ஃபர்னஸ் ஃபில்டர் பிறந்த கதை

16 அங்குல அகலம், 25 அங்குல நீளம், ஒரு அங்குல கனம். சுற்றிலும் அட்டைச் சட்டம், நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளைத் துணி, ஓரத்தில் ஓர் அம்புக்குறி. டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ குடித்தனம் நடத்துகிற தமிழர்களுக்கு இந்தப் பொருளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேஸ்மென்ட்டில் நிற்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கும். அதில் இதைச் செருகி மூடிவிட்டால் குளிர்காலத்தில் சூடாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் வருகிற காற்று முழுக்க இதைக் கடந்துதான் போகவேண்டும். இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். வீட்டுக்காரர் மூன்று மாதம் என்பார். ரிப்பேருக்கு வரும் மெக்கானிக் மாதம் ஒருமுறை என்பார். வாங்கின நாளிலிருந்து தொட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு.

அந்த அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இயந்திரத்தைப் பார்க்கும். வீட்டுக் காற்று இயந்திரத்துக்குள் நுழைகிற வாசலில்தான் ஃபில்டர் நிற்கிறது. இயந்திரத்திலிருந்து புறப்பட்டு நம் படுக்கையறைக்கு வருகிற வாசலில் இல்லை. இது யாரைக் காப்பதற்காகப் பிறந்தது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி. மாற்றும் கணக்கில் இருக்கிற குழப்பமும் அந்தப் பிறப்பிலிருந்தே வருகிறது.

மனிதர்களுக்காகக் காற்றை வடிகட்டும் ஏற்பாடு இதற்கு நூறு வருஷம் முந்தியது. 1834 அக்டோபரில் லண்டன் பார்லிமென்ட் கட்டடம் எரிந்துபோனது. உறுப்பினர்கள் உட்காரத் தற்காலிக மண்டபம் ஒன்று தயாரானபோது, அதன் காற்றோட்டத்தை எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் பாஸ்வெல் ரீட் என்கிற மருத்துவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் வேதியியல் ஆசிரியரும்கூட. உயரமான புகைபோக்கி ஒன்றைக் கட்டி, அடியில் நெருப்பு மூட்டி, அது இழுக்கிற இழுப்பில் மண்டபத்துக்குள் காற்று வரும்படி செய்தார். தரையில் துளைகள் போட்டுக் காற்றை உள்ளே விட்டார். தேவைக்கேற்ப அதைச் சூடாக்கினார், குளிரவைத்தார். லண்டன் காற்றில் அப்போது நிலக்கரிக் கரி மிதந்தது. அதைத் தடுக்க 42 அடி நீளத்துக்கு ஒரு பெரிய துணித்திரையைக் காற்று வரும் வழியில் தொங்கவிட்டார். ஒரே மாலையில் அந்தத் திரையில் சிக்கிய கரித்துகள்கள், கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும், 2,00,000 என்று அவர் கணக்கு எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவையும் எண்ணியிருக்க முடியாது. ஓர் இடத்தில் எண்ணிப் பெருக்கியிருப்பார். ஆனாலும் ஃபில்டரில் சிக்கியதைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே, அது பெரிய விஷயம். வாரக்கணக்கில் மறந்துவிடலாம் என்கிற எண்ணம் அந்தத் திரையைத் தொங்கவிட்டவருக்கு வந்திருக்காது.

அடுத்து வந்தவர் இயற்பியலாளர் ஜான் டிண்டால். 1870இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தூசியையும் நோயையும் பற்றிப் பேசினார். இருட்டறையில் பளிச்சென்ற ஓர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் அதில் தூசி மினுங்கும். பஞ்சின் வழியாக வடிகட்டிய காற்றை அந்த ஒளியில் செலுத்தினால் மினுக்கம் நின்று அந்த இடம் கறுப்பாகிவிடும். தூசி இல்லையென்றால் ஒளி பட்டுத் தெறிக்க ஒன்றுமில்லை. இது வரைக்கும் யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. டிண்டால் இன்னொன்றும் செய்தார். மூச்சை உள்ளிழுத்து, ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக ஒளிக்கற்றைக்குள் மெல்ல ஊதினார். முதலில் வந்த மூச்சில் தூசி மினுங்கியது. கடைசியில், நெஞ்சின் அடியாழத்திலிருந்து வந்த காற்று அதே கறுப்பாக இருந்தது. உள்ளே போன தூசி திரும்பி வரவில்லை. நுரையீரலும் பஞ்சின் வேலையைச் செய்கிறது என்பதை வந்திருந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். மாற்றமுடியாத ஃபில்டர் அது.

இவ்வளவு தெரிந்த பிறகும் வீடுகளுக்கு ஃபில்டர் வரவில்லை. காரணம் இயற்பியல். அமெரிக்க வீடுகளில் அப்போது இருந்தது கிராவிட்டி ஃபர்னஸ். நிலவறையில் நிலக்கரி எரியும். சூடான காற்று தானாக மேலெழும்பும். பருமனான தகரக் குழாய்கள் அதை ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோகும். நாலாபக்கமும் குழாய் நீட்டி நின்ற அதன் தோற்றத்தைப் பார்த்து ஆக்டோபஸ் என்றே பெயர் வைத்திருந்தார்கள். டேவ் லெனாக்ஸ் என்பவர் 1895இல் அயோவா மாநிலத்தின் மார்ஷல்டவுனில் எஃகுத் தகடுகளைத் தறையாணி அடித்து இணைத்துச் செய்த ஃபர்னஸ்கூட இந்த ரகம்தான். சூடான காற்று தானாக ஏறும் வேகம் மிகக் குறைவு. நடுவில் ஒரு துணியை வைத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஃபில்டர் வைக்க வழியில்லை. கரி வீடு முழுக்கப் படிந்தது.

எவ்வளவு படிந்தது என்பதற்கு ஒரு கிளைக்கதை இருக்கிறது. சுவர்க்காகிதத்தில் ஒட்டிய கரியை ஒற்றி எடுக்க மாவு போன்ற ஒரு பொருளை விற்றார்கள். சின்சினாட்டியின் குட்டால் கம்பெனிக்கு அதுவே பிழைப்பு. வீடுகள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கும் கேஸுக்கும் மாறின, கழுவக்கூடிய வினைல் சுவர்க்காகிதமும் வந்தது. அந்த மாவை வாங்க ஆளில்லாமல் போனது. நர்சரிப் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைக் குழந்தைகளிடம் பிசைந்து விளையாடக் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது ப்ளே-டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்று சென்னைக் குழந்தைகள்கூட உருட்டி விளையாடுகிற அந்த வண்ணக் களிமண்ணின் பூர்வீகம், ஃபில்டர் இல்லாத அமெரிக்க வீடுகளின் கரி.

தொழிற்சாலைகளில் கதை வேறு பாதையில் போனது. 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஈரப்பதம் ஏறி இறங்கிக் காகிதம் சுருங்கி விரிந்தது. ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்கப் போன பொறியாளர் வில்லிஸ் கேரியர், 1906இல் காற்றைப் பதப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அது தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சி அதன் நடுவே காற்றை விடுகிற ஏர் வாஷர். ஈரப்பதமும் கட்டுக்குள் வரும், தூசியும் தண்ணீரோடு போகும். அந்த வம்சத்தைப் பார்க்கவேண்டுமானால் கோயம்புத்தூருக்குப் போனால் போதும். நூற்பாலைகளின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில் ஏர் வாஷர் இன்றும் ஓடுகிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் நாலு பேர் இருக்கிற வீட்டுக்குத் தோதுப்படுமா?

வீட்டுக்கு வழி திறந்தது மின்விசிறியால். 1930களில் ஃபர்னஸுக்குள் புளோயர் வைத்துக் காற்றைத் தள்ளும் முறை பரவியது. தள்ளுகிற சக்தி வந்துவிட்டதால் இனி குறுக்கே ஒரு தடுப்பை வைக்கலாம். வைக்கவேண்டிய கட்டாயமும் கூடவே வந்தது. புளோயரின் இறக்கைகளில் நூல்பிசிறும் முடியும் ஏறினால் அது தள்ளும் காற்று குறையும், மோட்டார் சூடாகும். அதுவரை பெரிய கட்டடங்களில் எண்ணெய் பூசிய உலோக வலைகளை வைத்திருந்தார்கள். அழுக்கேறியதும் கழற்றி வெந்நீரில் அலசி, மறுபடி எண்ணெயில் தோய்த்து மாட்டவேண்டும். கட்டடத்துக்கு ஆள் உண்டு. வீட்டில் யார் செய்வது?

பதில் கண்ணாடியிலிருந்து வந்தது. அது பொருளாதார மந்த காலம், மதுவிலக்கும் நடந்துகொண்டிருந்தது. புட்டி செய்கிற ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனம் கண்ணாடிக்குப் புதுப் பிழைப்பு தேடியது. கேம்ஸ் ஸ்லேட்டர் என்கிற பொறியாளரின் மேற்பார்வையில், உருகிய கண்ணாடியைத் தடித்த இழையாக இழுத்து, மெத்தைபோலப் பரப்பி, பிசுக்குப் பூசி, அட்டைச் சட்டத்தில் அடைத்தார்கள். கண்ணாடியிழை என்று நாம் இன்று அறிகிற பொருளின் முதல் வியாபாரமே இந்தத் தூசி ஃபில்டர்தான். 1932இல் அதே குழுவில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். பீய்ச்சிய அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியின் தாரையில் பட்டது; தாரை சிதறி, மயிர்போல மெல்லிய இழைகளாகப் பறந்தது. ஒட்டுவதற்குப் போன வேலை அப்படியே கிடக்க, மெல்லிய இழையை மலிவாகச் செய்யும் வழி கிடைத்துவிட்டது. காற்றுக்குப் பதில் நீராவியைப் பாய்ச்சி அதைச் செம்மைப்படுத்தினார்கள். 1938இல் கார்னிங் நிறுவனத்தோடு சேர்ந்து ஓவன்ஸ்-கார்னிங் பிறந்தது.

உலோக வலையைக் கழுவினார்கள். கண்ணாடியிழை ஃபில்டரைத் தூக்கி எறிந்தார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்கிற கேள்வி அந்த இடத்தில்தான் பிறந்தது. அதற்கு முன்னால் அப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. எறியக்கூடிய பொருளை விற்கிறவருக்குச் சீக்கிரம் எறிந்தால் லாபம், வாங்குகிறவருக்குத் தாமதித்தால் லாபம். இரண்டு பக்கமும் சொல்கிற கணக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதே நல்லது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு முழுவதற்குமான ஏசி வந்ததும் ஃபில்டரின் பொறுப்பு கூடியது. ஃபர்னஸுக்கு மேலே காயில் என்கிற குளிர்க்குழாய்ச் சுருள் உட்கார்ந்தது. அதன் அலுமினியத் தகடுகள் சீப்பின் பற்களைவிட நெருக்கமானவை. கோடையில் எப்போதும் ஈரமானவை. அங்கே தூசி போனால் சேறாகும். இயந்திரம் அடைத்துக்கொள்ளக் கூடாதே என்றுதான் ஃபில்டரை வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: அடைத்துப்போன ஃபில்டரே அதே கேட்டை வேறு வழியில் செய்யும். கோடையில் காயில்மேல் போதுமான காற்று ஓடாவிட்டால் அதன் குளிர் போக இடமில்லாமல் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகும். ஏசி ஓடும், குளிராது. செப்புக்குழாயில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு: சூடு போக இடமில்லாமல் ஃபர்னஸ் காய்ந்து, பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்திவிடும். ஆறினதும் தானாக ஓடும், மறுபடி நிற்கும். கேஸ் தீர்ந்துவிட்டதோ, போர்டு போய்விட்டதோ என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஃபில்டரை இழுத்துப் பார்ப்பது நல்லது. அழுக்கேறிய ஃபில்டரை மாற்றினால் ஏசியின் மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு.

நுரையீரலைப் பற்றிய கவலை வீட்டு ஃபில்டருக்குத் திரும்பி வந்தது போர் வழியாக. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட வாயு முகமூடிகளின் டப்பாவுக்குள் ஒரு காகிதம் இருந்தது. புகையை அது நிறுத்திய விதம் நேச நாட்டு விஞ்ஞானிகளை அசத்தியது. மெல்லிய ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைக் கலந்து செய்த காகிதம் அது. அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க அதே வழியை எடுத்துக்கொண்டார்கள். நுண்துகளையும் பிடிக்கிற ஹெபா ஃபில்டரின் மூலம் இதுதான். பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போய், அதன் இடத்துக்கு மீண்டும் மெல்லிய கண்ணாடியிழை வந்தது.

ஃபில்டரைச் சல்லடை என்று நினைப்பது தப்பு என்பதும் அந்த நாட்களில் உறுதிப்பட்டது. சல்லடையில் துளையைவிடப் பெரியது நிற்கும், சிறியது போகும். ஃபில்டரில் கனமான துகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டும். மிக நுண்ணிய துகள் காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளாடி, ஏதாவது ஓர் இழையில் போய் ஒட்டும். தப்பித்துப் போவது நடுவில் இருக்கிற, சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள். மோதுகிற அளவுக்குக் கனமும் இல்லை, தள்ளாடுகிற அளவுக்கு நுண்மையும் இல்லை. அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மூர் போர்க்காலத்தில் செய்த கணக்கு இது. ஹெபா ஃபில்டரின் 99.97 சதவீதம் என்கிற வாக்குறுதியும் அந்த 0.3 மைக்ரானை வைத்தே சொல்லப்படுகிறது.

வீட்டு ஃபில்டர் வியாபாரிகள் நெடுங்காலம் வேறு கணக்கைச் சொன்னார்கள். தூசியின் எடையில் இத்தனை சதவீதம் பிடிக்கும் என்பார்கள். 10 மைக்ரான் துகள் ஒன்றின் எடை, 1 மைக்ரான் துகள்கள் 1,000 சேர்ந்த எடைக்குச் சமம். பெரியதைப் பிடித்துவிட்டுச் சிறியதை முழுக்க விட்டாலும் எடைக் கணக்கில் பிரமாதமான மதிப்பெண் வரும். பொய்யில்லை, ஆனால் ஏமாற்றுதான். 1938இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தின் ரிச்சர்ட் டில் இதற்கு மாற்று சொன்னார்: ஃபில்டருக்கு முன்னும் பின்னும் வெள்ளைக் காகிதத்தின் வழியே காற்றை இழுத்து, எந்தக் காகிதம் எவ்வளவு கறுக்கிறது என்று ஒப்பிடுவது. துகளின் அளவுவாரியாக மதிப்பிடும் மெர்வ் எண் வந்ததோ 1999இல்தான். அந்தச் சோதனையில் ஃபில்டரை அழுக்காக்க ஒரு செயற்கைத் தூசி உண்டு: அரிசோனாச் சாலைப் புழுதி 72 சதவீதம், கரித்தூள் 23 சதவீதம், பருத்திப் பிசிறு 5 சதவீதம். உலகத்து வீடுகளின் அழுக்கையெல்லாம் இப்படி ஒரு கலவையாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் தாளித்த எண்ணெய்ப்புகை இல்லை.

இன்றைய ஃபில்டரில் துணியை மடித்து மடித்து வைத்திருப்பதற்குக் காரணம் பரப்பு. அதே சட்டத்துக்குள் பல மடங்கு துணி அடங்கும்; காற்று ஒவ்வோர் இடத்திலும் மெதுவாகப் போகும்; அழுக்குக்கும் இடம் கிடைக்கும். பெரும்பாலானவை இன்று மின்னேற்றம் ஏற்றிய பிளாஸ்டிக் இழை. பழைய கண்ணாடியிழைக்கு ஒரு குணம் உண்டு: அழுக்கேற ஏற அது இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஒட்டிய தூசியே அடுத்த தூசியைப் பிடிக்கும். ஆகவே ‘அழுக்கானதால் பிடிக்காமல் போய்விட்டது’ என்று மாற்றுவதில்லை; இயந்திரத்துக்கு மூச்சு முட்டுவதால் மாற்றுகிறோம். மின்னேற்றிய இழை கொஞ்சம் வேறுமாதிரி. தூசியும் புகையும் படியப்படிய அந்த மின்னேற்றம் மறைந்து, தொடக்கத்தில் அதன் திறன் இறங்கும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் புது ஃபில்டரின் எண் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

சரி, எத்தனை நாள்? அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்வது: மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அழுக்காக இருந்தால் மாற்றுங்கள், எப்படியிருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள். இந்த வாக்கியத்தின் கடைசித் துண்டு மட்டும் ஊரெல்லாம் பரவி, உச்சவரம்பே தவணையாகிவிட்டது. வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரியான மலிவுக் கண்ணாடியிழைக்கு ஒரு மாதம். ஒரு அங்குல மடிப்பு ஃபில்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம். 4 அல்லது 5 அங்குல கனமுள்ளவை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை தாங்கும். இவையும் உத்தேசமே, ஏனென்றால் ஃபில்டருக்கு நாள்காட்டி தெரியாது. புளோயர் ஓடின மணிக்கணக்கே தெரியும். ஜனவரியில் நாள் பூராவும் ஓடுகிற புளோயர் மே மாதத்தில் சும்மா கிடக்கும்.

நம்மவர் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தினமும் தாளிப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, காலையும் மாலையும் ஊதுபத்தி. அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே அனுப்பாமல் அறைக்குள்ளேயே திருப்பி விடுகிற ரகம். அந்தப் புகை ரிட்டர்ன் டக்ட் வழியாக நேரே ஃபில்டருக்குப் போகும். இழுத்துப் பார்த்தால் சாம்பல் நிறப் பஞ்சுப் படலம் இருக்காது. மஞ்சளும் பழுப்புமான பிசுக்கு இருக்கும். நடுப்பகுதி இயந்திரத்தின் பக்கம் தொப்பைபோல வளைந்திருந்தாலோ, செருகும் சந்தில் விசில் சத்தம் கேட்டாலோ, மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாய் பூனை வளர்க்கிறவர்களுக்கும், வீட்டில் மரவேலை பூச்சுவேலை நடக்கிறவர்களுக்கும் இதே பேச்சு.

கொரோனா வந்தபோது அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கம் நுண்துகளையும் பிடிக்கிற மெர்வ் 13 ஃபில்டரைப் பரிந்துரைத்தது. 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் ஆகிய இருவரின் யோசனையில், 20 அங்குலச் சதுர ஃபர்னஸ் ஃபில்டர் நாலைப் பெட்டிபோல நிறுத்தி, மேலே ஒரு சாதாரணப் பெட்டி விசிறியைப் படுக்கவைத்து டேப் ஒட்டினார்கள். பள்ளி வகுப்புகளிலும் காட்டுத்தீப் புகை சூழ்ந்த வீடுகளிலும் அது வேலை செய்தது. இயந்திரத்துக்குக் காவலாகப் பிறந்த சரக்கு, ஃபர்னஸே இல்லாமல் மனிதனுக்காக மட்டும் நின்றது. ஆனால் ஆசைப்பட்டு எல்லா ஃபர்னஸிலும் ஒரு அங்குல மெர்வ் 13ஐச் செருகக்கூடாது. பழைய புளோயருக்கு அது பாரம். தாங்குமா என்று இயந்திரத்தின் கையேட்டில் பார்த்துவிட்டு, தாங்காதென்றால் மெர்வ் 8லேயே இருந்துகொண்டு அடிக்கடி மாற்றுவது மேல்.

சென்னையிலும் மதுரையிலும் சுவரில் தொங்குகிற ஸ்ப்ளிட் ஏசிக்கு இந்தச் செலவு இல்லை. அதன் நைலான் வலை பழைய உலோக வலையின் வாரிசு: கழற்று, குழாயடியில் கழுவு, நிழலில் காயவைத்து மாட்டு. தினமும் ஓடுகிற வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் தகும். அது காயிலைத்தான் காக்கும். நுண்துகளைப் பிடிக்கும் என்று நம்பவேண்டாம்.

ஃபர்னஸ் வைத்திருப்பவர்கள் அடுத்தமுறை புது ஃபில்டரைச் செருகும்போது, அட்டைச் சட்டத்தில் மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியை எழுதிவிடுங்கள். ஃபர்னஸை அணைத்துவிட்டுச் செருகுங்கள். வாங்கும்போது பழைய சட்டத்தில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே சொல்லிக் கேளுங்கள். அளவு சரியில்லாத ஃபில்டரைச் சுற்றி காற்று போய்விடும், தூசியும் கூடப் போகும். மாத வாடகை கட்டுகிற நாளில் ஒருமுறை இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: விளக்கு தெரியவில்லையென்றால், பெட்டியில் என்ன போட்டிருந்தாலும், அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.